மெய்யும் மெய்போல்வதும்

உள்ளதை உள்ளவாறு காட்டுதலே வாய்மை என்பர். காட்டப்படும் பொருள் கண்முன் இல்லாது அழிந்துபோனபின் ‘உள்ளவாறு’ என்னும் சொல்லுக்குப் பொருள் யாது? ஓவியனுக்கும் வரலாற்றாசிரியனுக்கும் இவ்வினா பழையது. கணிப்பொறியைக் கொண்டு நிலக்காட்சிகளை ஆக்குவோர்முன் அது புதியதோர் உருவில் வந்து நிற்கின்றது. வெயிலின் சாய்வு, மூடுபனியின் அடர்த்தி, ஒளிக்கதிர்களின் எண்ணிக்கை, மரங்களின் பரவல் என இயந்திரம் ஒவ்வொன்றாகக் கேட்கும்போது, ஆக்குவோன் தரும் விடை வெறும் தொழில்நுட்ப விடையா, அறத்தைச் சார்ந்ததா என்பது ஆராயத்தக்கது.

உலு சிலாங்கூர் மாவட்டத்துப் புக்கிட் செந்தோசா தோட்டங்கள் சூழ்ந்த வட்டாரத்தில் எழுந்த வீடமைப்பு நகரம். தோட்டங்களை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே வாழ்கின்றன. மேற்கே கோலசிலாங்கூர்ப் பகுதியில் உள்ளது தென்னமாரம் தோட்டம். மலேசியாவில் செம்பனை வாணிக நோக்கில் முதன்முதலாக 1917-இல் பயிரிடப்பட்டது அங்கேதான். தமிழ் ஒலிக்கும் பெயருடைய அத்தோட்டத்தில் அதை நட்ட பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகோனியே, மலாயாவைப் பற்றி எழுதிய புதினத்திற்காக 1930-இல் கொன்கூர் பரிசு பெற்றார். துரைமார் கண்ட தோட்டம் இவ்வாறு இலக்கியத்திலும் நிழற்படத்திலும் பதிவாயிற்று. லயத்தில் வாழ்ந்தவர் கண்ட தோட்டமோ பெரும்பாலும் நினைவில் மட்டுமே தங்கியது; அந்நினைவுடையோர் இன்று முதியோர். ஆகவே, ‘பிளெண்டர்’ போன்ற விலையில்லா மென்பொருளைக் கற்ற மாணவன் ஒருவன் தன் பாட்டியார் வாழ்ந்த தோட்டத்தைத் திரையில் மீண்டும் எழுப்ப முயல்வானாயின், அதனை விளையாட்டென்று தள்ளிவிடல் இயலாது. நாளை அத்தோட்டத்துக்கு வேறு சான்று இல்லாமற் போகலாம்.

இக்கலை தோன்றி ஏறத்தாழ அரை நூற்றாண்டே ஆகின்றது. மலையின் கரடுமுரடையும் கடற்கரையின் வளைவுகளையும் எளிய கணக்கின் மறுமறு பயன்பாட்டால் அமைக்கலாம் என்னும் கருத்துக்கு, மாண்டல்பிரோ 1975-இல் ‘ஃபிராக்டல்’ எனப் பெயரிட்டார். லாரன் கார்ப்பெண்டர் 1980-இல் அம்முறையால் மலைத்தொடர் ஒன்றை ஆக்கி, இரண்டு நிமிடப் படமாகக் காட்டினார். ஒளி ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்குப் பாய்ந்து சிதறுவதை ஒரே சமன்பாட்டில் அடக்கி 1986-இல் தந்தவர் ஜேம்ஸ் கஜியா. இன்று நிழற்படமோ என மயங்கவைக்கும் காட்சிகள் யாவும் இவற்றின் வழிவந்தவை. மயங்கவைத்தல் எளிதாகிவிட்டது என்பதிலேயே இடர்ப்பாடு தொடங்குகின்றது.

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றது தொல்காப்பியம். பொழுதின்றி நிலம் இல்லை என்னும் அந்நுட்பத்தைக் கணிப்பொறியும் மெய்ப்பிக்கின்றது. கதிரவனை எங்கேனும் நிறுத்தினாலன்றி அதனால் ஒரு புல்லையும் காட்ட இயலாது. எங்கே நிறுத்துவது? கற்பிக்கும் நூல்களும் காட்டும் மாதிரிகளும் பெரும்பாலும் பொன்வெயில் சாயும் மாலையையே பரிந்துரைக்கின்றன. நீண்ட நிழலும் செம்மஞ்சள் ஒளியும் எந்நிலத்தையும் அழகாக்கும். ஆயின் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ மூன்றரைப் பாகையில் உள்ள இவ்வட்டாரத்தில் கதிரவன் செங்குத்தாக இறங்குவதால், அத்தகைய ஒளி அரைமணி நேரமும் நீடிப்பதில்லை. தோட்டத்து வாழ்வு நடந்ததும் அப்பொழுதில் அன்று. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, குளிர்ந்த வேளையிலேயே பால் நன்கு வடியும் என்பதால் நெற்றிவிளக்கொளியில் மரம் சீவியவர்கள் அவர்கள். அவர்களுடைய முதற்பொருள் இருள். அந்த இருளைக் காட்சியில் வைத்தால் பார்ப்போர் பலர் படம் தெளிவில்லை என்பர்.

மரங்களைப் பரப்புவதிலும் இத்தகைய சிக்கல் உண்டு. மென்பொருள் மரங்களை ஒழுங்கின்றித் தூவும். இயற்கை அவ்வாறே இருக்கும் என்பது அதன் கொள்கை. காட்டிற்கு அது பொருந்தும். தோட்டத்தில் பால்மரம் நிரை நிரையாக நின்றது. செம்பனையோ ஏறத்தாழ ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோண அமைப்பில் நடப்படுவது. அந்நிரை கையால் அளந்து, கையால் குழிவெட்டி, கையால் களைபறித்து ஆனது. ‘இயல்பாகத் தோன்றவேண்டும்’ என்று அதனைக் கலைத்துத் தூவுவோன், தான் அறியாமலே அக்கைகளை அழித்துவிடுகின்றான். பட்டையில் சாய்வாக இறங்கும் வெட்டுத் தழும்பும், அதன் கீழே கட்டிய மங்கும், மங்கின் ஓரத்தில் உறைந்த ஒட்டுப்பாலும் இல்லாத ரப்பர் மரம் தாவரவியற் பாடத்துக்கு உதவலாம், தோட்டத்துக்கு உதவாது.

ஒளிக்கணக்கு இன்னும் நுட்பமானது. கணிப்பொறி ஒளிக்கதிர்களைக் குருட்டாம்போக்கில் எய்து சராசரி காண்கின்றது. கதிர்கள் குறைந்தால் படத்தில் மணல்போன்ற புள்ளிகள் நிறையும். அப்புள்ளியைப் பாதியாகக் குறைக்கக் கதிர்களை நான்கு மடங்காக்க வேண்டும். ஒரு கதிர் எத்தனை முறை மோதித் திரும்பலாம் என்பதற்கும் வரம்பு கட்டவேண்டும். திறந்த வெளிக்குச் சில மோதல்கள் போதும். இலைக்கூரையின் கீழ் நிலவும் பசுமை படர்ந்த மங்கலொளியோ இலையிலிருந்து இலைக்குப் பலமுறை தாவிவந்த ஒளி. வரம்பைக் குறைத்தால் அவ்விடம் கரியாகிவிடும். ஆகவே மேட்டிலுள்ள பங்களாவிலிருந்து துரை கண்ட பரந்த காட்சி விரைவில் முடியும். நிரைக்குள் நின்று பால்வெட்டுவோர் கண்ட காட்சிக்கு இரவெல்லாம் இயந்திரம் உழைக்க வேண்டும். யாருடைய கண்ணால் காண்பது என்னும் வினா இங்கே மின்கட்டணத்தோடு பிணைந்துவிட்டது! புள்ளிகளைத் துடைக்கும் செயற்கை நுண்ணறிவு வழி ஒன்றும் உண்டு. அது விரைவானது, ஆயின் கணக்கிடாத இடத்தை ஊகத்தால் நிரப்புவது. வானத்துக்கு அவ்வூகம் தீங்கற்றது. மரப்பட்டையின் தழும்பை அது கறையென்று கருதி வழித்துவிடக் கூடும்.

நீரின் நிறத்தையும் ஆக்குவோனே தீர்மானிக்க வேண்டும். 1921-இல் கடற்பயணம் செய்த சர் சி. வி. இராமன், கடலின் நீலம் வானத்தின் எதிரொளி மட்டுமன்று, நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிப்பதன் விளைவு என்று காட்டினார். அது மத்தியதரைக் கடலின் தெளிந்த நீர். சேறு சுமந்துவரும் சிலாங்கூர் ஆற்றுக்கு அந்நீலத்தைக் கொடுப்பது பொய். மூட்டமும் இத்தகையதே. 2005 ஆகஸ்டு 11 அன்று காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டியதால் கோலசிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. தொலைவுக்கு அழகூட்ட ஓவியர் சேர்க்கும் மென்மூட்டம் இவ்வூராருக்கு இருமலை நினைவூட்டும்.

இவ்வளவும் கூறியபின் ஒரு மறுப்பு எழும். அத்தோட்டத்தில் பிறந்த பாட்டியாரே, “கோவிலைக் கொஞ்சம் பெரிதாக்கு, திருவிழா விளக்குப் போடு, சாக்கடை வேண்டாம்” என்று கேட்டால் என் செய்வது? அவருடைய நினைவில் கோவில் பெரிதாகத்தான் நிற்கின்றது. அதைப் பொய்யென்று தள்ள யாருக்கு உரிமை? நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டனைப் பிரித்த மரபு இங்கே கைகொடுக்கின்றது. இரண்டும் கலந்தே பாடல் அமையும் என்றது அம்மரபு. ஒன்றை மற்றொன்றென்று ஏமாற்றுவதற்கு அது இடந்தரவில்லை. பாட்டியாருக்கென ஆக்கும் படம் பாட்டியாரின் படம் என்று பெயர் பெறட்டும். தொல்லிடங்களைக் கணிப்பொறியில் மீட்போர் 2006-இல் வகுத்த லண்டன் சாசனமும் இதனையொட்டியே செல்கின்றது: சான்றுடையது எது, ஊகம் எது என்பது பார்ப்போர்க்குப் புலப்பட வேண்டும், எத்தேர்வை ஏன் செய்தோம் என்பது எழுதிவைக்கப்பட வேண்டும். வீடமைப்பு விளம்பரங்களில் ‘ஓவியரின் கற்பனை’ என்று மூலையில் சிறிய எழுத்தில் அச்சிடுவதைப் போன்றதன்று இது. 1997-இன் நிதி நெருக்கடிக்குப் பின் இம்மாவட்டத்தில் பாதியில் நின்ற வீடுகளைக் கண்டவர்கள், புல்தரையும் நீலவானுமாக வரையப்பட்ட படங்களின் விலையை அறிவார்கள்.

எதிர்ப்புறத்துப் பொய்யும் ஒன்றுண்டு. துன்பத்தை உணர்த்த வேண்டும் என்னும் ஆர்வத்தால் வண்ணத்தை வடித்து, வானத்தைச் சாம்பலாக்கி, லயத்தை ஆளரவமற்ற பாழிடமாகக் காட்டுவோர் உளர். பிப்பிரவரியை ஒட்டிப் பால்மரம் இலையுதிர்த்துச் செம்பு நிறத்தில் துளிர்க்கும் அழகை அங்கு வாழ்ந்தோரும் கண்டனர். ஆயாக் கொட்டகையில் பிள்ளைகள் சிரித்ததும் உண்டு. வறியவர் வானம் என்றும் கறுத்தே இருந்தது என்பது பரிவின் உருவில் வரும் இழிவு.

தெரியாததை என் செய்வது என்பதே எஞ்சும் கேள்வி. லயத்து வீட்டுக் கதவின் நிறம் தெரியவில்லை என்க. இயந்திரம் எந்நிறத்தையும் தரும். பழுத்த மரநிறம் நன்கு பொருந்தும். அதனைப் பூசாது வெறுஞ்சாம்பலாக விட்டுவைத்தால் படத்தின் மெய்த்தோற்றம் அவ்விடத்தில் உடையும். உடைந்த இடத்தைப் பார்த்தபின் முதியவர் எவரேனும் விரலை நீட்டி, “அந்தக் கதவு பச்சை, தம்பி, அடுத்த வீட்டுக்குக் கதவே கிடையாது, சாக்குதான்” என்று சொல்லக்கூடும். பொருத்தமான நிறம் பூசிய கதவின்முன் அவர் ஒன்றும் சொல்லாமல் கடந்துவிடுவார்.