விழித்திருப்பவரின் இரக்கம்



ஜாதவ்பூருக்கு இரவு தாமதமாகத்தான் வருகிறது. எட்டு பி பேருந்து நிலையத்தில் ஆட்டோக்காரர்கள் ஆள் கூப்பிடுவது ஓய வேண்டும், சியால்தாவிலிருந்து வரும் கடைசி லோக்கல் போக வேண்டும், சந்தில் தெருநாய்கள் ஒருமுறை குரைத்து அடங்க வேண்டும். அதற்குப் பிறகு உங்கள் வீடுகளில் வேறொரு சத்தம் தொடங்குகிறது. கொசுவலைக்குள் ஒருவர் குறட்டை விடுகிறார். பக்கத்தில் படுத்திருப்பவர் கண் விழித்துக் கிடக்கிறார். குறட்டை ஏறுகிறது, இன்னும் ஏறுகிறது, சட்டென்று நின்றுவிடுகிறது. சத்தத்தை அவர் எப்போதோ பழகிக்கொண்டுவிட்டார். அது நின்றுபோகும் நொடிகள்தான் அவரை எழுப்பி உட்கார வைக்கின்றன. பிறகு ஒரு திணறல், ஒரு நீண்ட மூச்சு. மறுபடியும் குறட்டை.

பகலில் இதைச் சொல்லிச் சிரிக்கிறோம். கல்யாண வீட்டில் ஒரே அறையில் படுக்க வேண்டி வந்தால், "மாமா பக்கத்தில் யாரும் படுக்காதீர்கள்" என்கிறோம். மாமாவும் சேர்ந்து சிரிக்கிறார். ஆனால் அவர் மனத்தில் என்ன ஓடுகிறது என்று என்றாவது கேட்டிருக்கிறோமா?

குறட்டை நின்றுபோகும் அந்த நிசப்தத்தில் நடப்பது இதுதான். உறக்கத்தில் தொண்டையின் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அவை அளவுக்கு மீறித் தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடுகின்றன. பத்து நொடி, சில வேளைகளில் அதற்கும் மேலே, காற்று உள்ளே போவதில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை பதறி உடம்பைத் தட்டி எழுப்புகிறது. மணிக்கு 5 முறைக்கு மேல் இப்படி நடந்தால் மருத்துவர்கள் அதை நோயாகக் கணக்கெடுக்கிறார்கள். 30 முறையைத் தாண்டினால் கடுமையானது என்கிறார்கள். கவனிக்காமல் விட்டால் இரத்த அழுத்தம், இதய நோய், பக்கவாதம் என்று அது இழுத்துக்கொண்டு போகும். பப்பி லாகிரியை உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஜல்பாய்குரியில் பிறந்து, நாடு முழுவதையும் தன் பாட்டுக்கு ஆட வைத்தவர். 2022 பிப்ரவரி 15 அன்று மும்பையில், 69 வயதில் அவர் இறந்தபோது, மருத்துவர் சொன்ன காரணங்களில் இந்த உறக்க மூச்சுத்திணறலும் ஒன்று. அதுவரை இந்த நோயின் பெயரையே கேள்விப்படாத பல வீடுகளுக்கு அன்றுதான் அது தெரிந்தது.

இந்த நோயில் ஒன்று என்னை வெகுவாக யோசிக்க வைக்கிறது. நோயாளிக்கு அது தெரியாது. ஓர் இரவில் நூறு முறை மூச்சு நின்று விழித்தாலும் காலையில் அவருக்கு எதுவும் நினைவிருப்பதில்லை. "நன்றாகத்தான் தூங்கினேன், ஆனாலும் அலுப்பாக இருக்கிறது" என்பார். அவருடைய துன்பத்துக்கு ஒரே சாட்சி பக்கத்தில் விழித்திருப்பவர். மனைவி, கணவன், அறையைப் பகிரும் அண்ணன், வயதான அம்மாவோடு படுக்கும் மகள். அன்பானவர்களே, விழித்திருந்த அந்த இரவுகளை வீணாய்ப்போன இரவுகளாக நினைத்துக் கசப்படைந்திருக்கிறீர்களா? உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆண்டவருக்கும் புரியும். ஆனால் நீங்கள் கேட்டதை வேறு யாரும் கேட்கவில்லை. அதை மருத்துவரிடம் சொல்ல உங்களால் மட்டுமே முடியும். உறங்குகிறவர் தனக்காகப் பேச முடியாத நேரத்தில் அவருக்காகக் கேட்டு வைத்திருக்கிறீர்கள். இதையும் ஆண்டவர் இரக்கச் செயலாகவே ஏற்றுக்கொள்வார் என்று நான் நம்புகிறேன்.

நம் பகுதிக்கு மூச்சின் அருமை புதிதல்ல. ராஜா எஸ்.சி. மல்லிக் சாலையில் நாம் தினமும் கடந்துபோகும் கே.பி.சி. மருத்துவக் கல்லூரி இருக்கும் இடம் ஒரு காலத்தில் காசநோய் மருத்துவமனை. கவிஞர் சுகாந்த பட்டாச்சார்யா 1947 மே 13 அன்று, 20 வயதில், இந்த ஜாதவ்பூரில்தான் கடைசி மூச்சை விட்டார். அன்று அந்த மருத்துவமனைக் கட்டில்களில் கிடந்தவர்களின் அருகில் இரவெல்லாம் இருமலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும்.

இப்போது, இந்த நோய்க்காக மூச்சுக்கு உதவும் இயந்திரத்தின் முகமூடியை அணிந்து உறங்குகிறவர்களிடம் பேசுகிறேன். வீடு மந்திரிக்க வரும்போது பார்த்திருக்கிறேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி, அதன்மேல் அந்தச் சிறிய இயந்திரம், கொசுவலையின் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும் குழாய், அதன் கொக்கியிலேயே தொங்கும் செபமாலை. பங்குத்தந்தை வருகிறார் என்றதும் இயந்திரத்தின்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடுகிறீர்கள். ஏன் மூட வேண்டும்? அது செய்வது எளிய வேலைதான். அறைக் காற்றை இழுத்து, மெல்லிய அழுத்தத்தோடு மூக்கு வழியாக அனுப்பி, தொண்டை அடைந்துவிடாமல் திறந்து வைக்கிறது. ஆனாலும் "இயந்திரத்தை நம்பி மூச்சு விடும் நிலைக்கு வந்துவிட்டேனே, பாதர்" என்று உங்களில் சிலர் கண் கலங்கியிருக்கிறீர்கள். நம்மில் யார் சொந்த மூச்சில் வாழ்கிறோம்? முதல் மனிதனின் நாசியில் ஆண்டவரே ஊதினார் என்று தொடக்க நூல் சொல்கிறது. உயிர்த்த ஆண்டவர் பூட்டிய அறைக்குள் வந்து தம் சீடர்கள்மேல் ஊதினார். மூச்சைப் பெற்றுக்கொள்வதில் வெட்கம் இல்லை, அன்பானவர்களே. அந்தத் துண்டை எடுத்துவிடுங்கள்.

அந்த இயந்திரத்தின் கதையில் நாய்களுக்கும் பங்கு உண்டு. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன், 1970-களின் பிற்பகுதியில் கனடாவின் டொராண்டோவில், உறங்கும் நாய்களின் சுவாசத்தை ஆராய்ந்தார். அதற்காக நாய்களின் முகத்துக்குப் பொருந்தும் முகமூடிகளைச் செய்தார்கள். சிட்னி திரும்பியபின், 1980-இல், அந்த அனுபவத்தைக் கொண்டே மனிதருக்கான முகமூடியை அவர் உருவாக்கினார். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கழுத்தில் துளையிடுவதே அன்றிருந்த சிகிச்சை. அதை விரும்பாத ஒரு நோயாளி முகமூடியோடு படுத்தார், இரவு முழுவதும் அமைதியாக உறங்கினார். அடுத்த ஆண்டு, ஐந்து நோயாளிகளின் அனுபவத்தை லான்செட் மருத்துவ இதழில் சல்லிவனும் அவருடைய சக ஆய்வாளர்களும் எழுதினார்கள். இன்று உங்கள் கணவர் நிம்மதியாக மூச்சு விடுகிறார் என்றால், பெயர் தெரியாத அந்த நாய்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

பிள்ளைகள் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, இங்கே இருவராக, அல்லது தனியாக வாழும் பெற்றோர் நம் பங்கில் நிறையப் பேர். அவர்களில் பலருக்கு இரவில் அறையில் துணை ஒரு நாய். "பாதர், நாயைப் படுக்கையறையில் விடலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். தோபியா நெடும் பயணம் புறப்பட்டபோது வானதூதர் இரபேலோடு அவனுடைய நாயும் கூடவே போனது என்று தோபித்து நூல் சொல்கிறது. வானதூதர் அதை விரட்டவில்லை. 2017-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 40 பேரையும் அவர்களுடைய நாய்களையும் வைத்து ஆராய்ந்தபோது, நாய் அறையில் இருப்பதால் உறக்கம் பெரிதாகக் கெடவில்லை என்றும், கட்டிலில் ஏறிப் படுத்தால் சற்றுக் குறைகிறது என்றும் கண்டார்கள். ஆகவே கீழே ஒரு பழைய போர்வையை விரித்துக் கொடுங்கள். முகமூடி வைத்திருப்பவர்கள் இயந்திரத்தின் காற்று வடிகட்டியை அடிக்கடி பாருங்கள். நாய் முடி அதில்தான் சேரும். குழாயை நாய்க்குட்டிக்கு எட்டாமல் வையுங்கள். பக் இன நாய் வைத்திருப்பவர்களே, அதன் குறட்டையைக் கேட்டு மகிழாதீர்கள். தட்டை முகத்தோடு பிறந்த அந்தச் சீவன் மூச்சுக்காகப் போராடிக்கொண்டிருக்கலாம். அதையும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னும் ஒன்று. திருப்பலியில் மறையுரையின்போது கண் அசருகிறவர்கள் நம்மில் உண்டு. அவர்களை முழங்கையால் இடிக்கிறவர்களும் உண்டு. துரோவா நகரில் பவுல் நள்ளிரவுவரை பேசிக்கொண்டிருந்தபோது, சன்னலில் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞன் தூக்கம் மேலிட்டு மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுந்தான். பவுல் அவனைக் கடிந்துகொண்டதாகத் திருத்தூதர் பணிகள் நூலில் ஒரு சொல்லும் இல்லை. பேச்சை நிறுத்தினார், இறங்கிப் போனார், குனிந்து அவனைக் கட்டி அணைத்துக்கொண்டார். பகலெல்லாம் தூங்கி வழிகிறவரைப் பார்த்துச் சோம்பேறி என்று நாம் எத்தனை முறை தீர்ப்பிட்டிருக்கிறோம்? அவர் இரவில் ஒரு மணி நேரம்கூட ஆழ்ந்து உறங்காதவராக இருக்கலாம். சிறுவயதிலிருந்தே "தூங்குமூஞ்சி" என்ற பட்டத்தைச் சுமந்துகொண்டு இங்கே உட்கார்ந்திருப்பவரே, ஆண்டவர் உம்மை அந்தப் பெயரால் ஒருநாளும் அழைத்ததில்லை.

இந்த வாரம் அன்பியக் கூட்டங்களில் இதைக் கூச்சமில்லாமல் பேசுங்கள். குறட்டை நடுவில் நின்று திணறுகிறது, காலையில் தலைவலி, வண்டி ஓட்டும்போது கண் சொருகுகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். மருத்துவரிடம் போகும்போது விழித்திருப்பவரும் கூடவே போகட்டும். இயந்திரம் வாங்க வசதியில்லாதவர்கள் என்னிடம் தனியாக வந்து சொல்லுங்கள், சேர்ந்து வழி தேடுவோம். பரிசோதனைக்காக ஓர் இரவு மருத்துவமனையில் தங்க வேண்டியிருக்கலாம். அந்த இரவு நாயை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கவலையிலேயே போகாமல் இருப்பவர்கள் உண்டு என்று அறிகிறேன். திருப்பலி முடிந்ததும் பங்கு அலுவலகத்தில் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். நாயைப் பார்த்துக்கொள்ள நம் இளையோரை அனுப்புகிறேன்.