ஒப்பிட்டுப் பார்ப்பது தவறா?

புனேயிலிருந்து அகில்யாநகர் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் ரஞ்சன்காவ் அமைந்துள்ளது. மகாராஷ்டிர மக்கள் போற்றும் அஷ்டவிநாயகத் தலங்களுள் ஒன்றான மகாகணபதி ஆலயம் இங்குதான் இருக்கிறது. கணபதியை வணங்காமல் திரிபுரத்தை அழிக்கப் புறப்பட்ட சிவபெருமான் வெற்றி கிட்டாமல் நின்று, பின்னர் இத்தலத்தில் அவரை வழிபட்டு வென்றார் என்பது தலபுராணம். தேரின் அச்சு முறிந்த நம் அச்சிறுபாக்கத்துக் கதை நினைவுக்கு வராமல் போகாது. ஆலயத்திலிருந்து சற்றுத் தொலைவு சென்றால் காட்சி முற்றிலும் மாறிவிடுகிறது. கார், குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சிப் பெட்டி முதலியவை உருவாகும் தொழிற்பேட்டை அது. தமிழகத்திலிருந்து வந்து பணிபுரியும் குடும்பங்களும் அங்கே உண்டு.

ஆலயத்தைப் பற்றி மற்றொரு செய்தியும் மக்களிடையே வழங்குகிறது. நாம் தரிசிக்கும் மூர்த்திக்குக் கீழே நிலவறையில், பத்துத் துதிக்கைகளும் இருபது கரங்களும் கொண்ட ‘மகோத்கடர்’ என்னும் மூல மூர்த்தி மறைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொல்வார்கள். ஆலயத்தார் இதை மறுக்கிறார்கள். ஆயினும் நம்பிக்கை நிலைத்துவிட்டது. காலையில் தரிசனம் முடித்து வெளியே வந்தபோது, உடன் வந்த அன்பர் இதைச் சொல்லிவிட்டு, “இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து, சுவாமிஜி, மேலே இருக்கும் கணபதியைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கீழேதான் போகிறது” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்று பிற்பகல் அவர் வீட்டில் கேட்ட கேள்விக்குப் பிறகே, அது வெறும் வேடிக்கைப் பேச்சு அன்று என்பது எனக்குப் புரிந்தது.

அன்பர் திருநெல்வேலிப் பக்கத்தவர். தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தின் தர ஆய்வுப் பிரிவில் பணிபுரிகிறார். பொருளில் குறை இருந்தால் கண்டுபிடிப்பதே அவரது அன்றாட வேலை. தாயார் காலமான பின்னர் தந்தையைத் தம்முடன் அழைத்து வந்து வைத்துக்கொண்டார். மொழி தெரியாத ஊரில் பெரியவருக்குப் பேச்சுத்துணை இல்லை. கண்ணில் புரை நீக்கும் சிகிச்சையும் நடந்திருந்தது. பழைய சிறிய தொலைக்காட்சியில் முகங்கள் சரியாகத் தெரியவில்லை என்று அவர் ஒருநாள் சொன்னார். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளின்மீது இருந்த ஜிஎஸ்டி வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தபோது, இதுவே தருணம் என்று தந்தையும் மகனும் புனேயில் ஒரு கடைக்குச் சென்றார்கள்.

அங்கே இரண்டு பெட்டிகள் அருகருகே ஓடிக்கொண்டிருந்தன. இரண்டும் 55 அங்குலம். ஒன்றில் திரைக்குப் பின்னால் விளக்குகள் எரிகின்றன. முன்னால் உள்ள திரவப் படிகங்கள் அந்த ஒளியைத் தேவைக்கேற்ப மறைத்தும் விடுத்தும் படத்தைக் காட்டுகின்றன. மறைப்பு ஒருபோதும் முழுமையாக இருப்பதில்லை. ஆகவே கருமை வேண்டிய இடத்திலும் மங்கிய ஒளி சிறிது கசியும். மற்றது ஓஎல்இடி வகை. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. கருமை வேண்டுமானால் அந்தப் புள்ளி அணைந்துவிடும். பிறிதின் ஒளியால் விளங்குவது, தானே ஒளிர்வது என்னும் இந்த வேறுபாட்டைக் கேட்டதும் வேதாந்த மாணவனுக்கு உதாரணங்கள் பல தோன்றும். அவற்றை இப்போது விட்டுவிடுகிறேன். கடையில் காட்டியது விண்மீன்கள் நிறைந்த இரவு வானம். முதற்பெட்டியில் வானம் சற்றே சாம்பல் நிறம், இரண்டாவதில் மையிருட்டு. விலை ஏறத்தாழ இரு மடங்கு.

பெரியவர் கடைக்காரர் கொடுத்த முக்காலியில் அமர்ந்து இரண்டையும் பார்த்தார். “ரெண்டுலயும் முகம் தெளிவாத்தானே தெரியுது?” என்றார். “அப்பா, வானத்தைப் பாருங்கள்” என்று மகன் சுட்டிக்காட்டினார். பெரியவர் வானத்தைப் பார்த்துவிட்டு, அதுவும் நன்றாக இருப்பதாகச் சொன்னார். மூன்று வாரங்களில் மூன்று முறை கடைக்குச் சென்று வந்தார் மகன். முடிவில், கடன் வாங்காமல் எது இயலுமோ அதையே வாங்கினார். முதற்பெட்டி வீட்டுக்கு வந்தது.

பெரியவர் மகிழ்ந்தார். மகனால் மகிழ முடியவில்லை. இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் திரையின் இடப்பக்க மூலையில் மெல்லிய வெளிச்சம் தெரிந்தது. படம் ஓடும்போதெல்லாம் அவர் கண் அந்த மூலைக்கே சென்றது. கடையில் விட்டுவந்த பெட்டி மனத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. ஒருநாள் இரவு பொறுக்க முடியாமல் தந்தையை எழுப்பாத குறையாக அழைத்து, விளக்கை அணைத்து, “இந்த மூலையைப் பாருங்கள், அப்பா” என்று காட்டினார். பெரியவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “ஆமாப்பா, தெரியுது” என்றார்.

“நான் சொன்னது உண்மைதான், சுவாமிஜி. ஆனாலும் பாவம் செய்துவிட்டதுபோல் இருக்கிறது. அவர் மகிழ்ச்சி அறியாமையால் வந்தது. என் வருத்தம் அறிவால் வந்தது. அப்படியானால் அறிவு எதற்கு?” இதுதான் அவர் கேட்ட கேள்வி.

தொலைக்காட்சியில் தொடங்கினாலும் கேள்வி சிறியதன்று. ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் பயன்வாதத்தைப் பற்றி 1861இல் எழுதியபோது ஏறக்குறைய இதையே எதிர்கொண்டார். இரு இன்பங்களுள் எது உயர்ந்தது என்பதை இரண்டையும் அனுபவித்தறிந்தவரே தீர்மானிக்க வேண்டும் என்பது அவரது முடிவு. ஒன்றை மட்டுமே அறிந்தவரின் மனநிறைவு அங்கே சாட்சியாகாது. இதன்படி மகனே நீதிபதி. தந்தைக்கு வழக்கில் இடமில்லை. ஆனால் மாணவனாக இதைப் படித்த காலத்திலிருந்தே எனக்கு ஓர் ஐயம் உண்டு. இரண்டையும் அருகருகே வைத்துத் தீர்ப்புச் சொல்பவர், அவற்றுள் ஒன்றோடு பல ஆண்டுகள் வாழப் போகிறவரின் அனுபவத்தை அறிவாரா?

2004இல் கிறிஸ்டோபர் ஷீ, ஜியாவோ ஜாங் என்னும் இரு ஆய்வாளர்கள் உளவியல் இதழொன்றில் வெளியிட்ட கட்டுரை இந்த ஐயத்துக்கு வலுச் சேர்க்கிறது. நாம் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் இரண்டைச் சேர்த்துப் பார்த்து. அனுபவிப்பதோ ஒன்றைத் தனியாக. சேர்த்துப் பார்க்கும்போது பெரிதாகத் தோன்றும் வேறுபாடு, தனியாக அனுபவிக்கும்போது பல சமயங்களில் பொருட்படுத்தத்தக்கதாக இருப்பதில்லை என்பது அவர்களது கருத்து. அன்பரின் தொழிலறிவை வைத்தே இதைச் சரிபார்த்தோம். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக்குக் குறைந்த நுணுக்கத்தைச் சாதாரண மனிதக் கண் பிரித்தறியாது. 55 அங்குலத் திரையின் அகலம் சுமார் 122 சென்டிமீட்டர். 4கே திரையில் குறுக்காக 3,840 புள்ளிகள். கணக்கிட்டால் நான்கடித் தொலைவுக்குள்ளேயே அந்தப் புள்ளிகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. கடையில் இரண்டடித் தொலைவில் நின்று பார்க்கிறோம். வீட்டில் பெரியவரின் நாற்காலி பத்தடித் தொலைவில் இருக்கிறது.

கருமையின் கதை இன்னும் விந்தையானது. திரையரங்கில் கதாநாயகனின் கருங்கூந்தலைப் பார்க்கிறோம். படக்கருவியால் கருமையை வீச முடியாது. ஒளியைத்தான் வீச முடியும். கூந்தல் என்று நாம் காண்பது ஒளி விழாத வெண்திரை. சுற்றிலும் வெளிச்சம் இருப்பதால் கண் அதைக் கருமை என்று கொள்கிறது. ஆக, ஒப்பீடு கடையில் தொடங்குவதன்று, பார்வையிலேயே இருக்கிறது. எதையும் ஒப்பிடாமல் இரு என்று ஒருவருக்கு உபதேசிப்பது, கண்ணிடம் பார்க்காதே என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

நம் முன்னோர் ஒப்பீட்டை அறிவின் வாயில்களுள் ஒன்றாகவே வைத்தார்கள். அதற்கு உபமானப் பிரமாணம் என்று பெயர். இதற்கு மரபாகக் கூறும் எடுத்துக்காட்டு காட்டுப் பசுவாகிய ‘கவயம்’. நகரத்தான் ஒருவன் காட்டுக்குச் சென்று கவயத்தைக் காண்கிறான். இதில் அவன் பெறும் புதிய அறிவு என்ன? பசுவைப் போன்றது கவயம் என்று முன்பு கேட்டிருந்தபடி, ‘இதுவே கவயம் என்னும் பெயருக்கு உரியது’ என்று அறிகிறான் என்பார்கள் நியாய தரிசனத்தார். மீமாம்சகரும் அத்வைதிகளும் வேறு விதமாகச் சொல்கிறார்கள். தமிழகத்தைச் சேர்ந்த தர்மராஜ அத்வரீந்திரர் 17ஆம் நூற்றாண்டில் இயற்றிய வேதாந்த பரிபாஷையில் இது தெளிவாக இருக்கிறது. கவயம் கண்ணெதிரே நிற்கிறது; அதைக் கண் காண்கிறது. உபமானத்தால் அறியப்படுவதோ, ‘வீட்டிலிருக்கும் என் பசு இதைப் போன்றது’ என்பது. அதாவது, காட்டில் நிற்கும் மிருகத்தைப் பார்த்து, எதிரில் இல்லாத வீட்டுப் பசுவைப் பற்றி ஒன்றை அறிகிறோம்.

தர்க்க வகுப்பில் இந்தக் கருத்து வேறுபாடு மயிர்பிளக்கும் வாதமாகத் தோன்றியது. ரஞ்சன்காவில் அமர்ந்திருந்தபோது அப்படித் தோன்றவில்லை. கடையில் நிற்கும் பெட்டியைப் பார்த்து வீட்டிலிருப்பதைப் பற்றித்தானே அன்பர் அறிந்துகொண்டார்! ஆனால் நகரத்தான் காட்டிலிருந்து திரும்பியதும் தன் பசுவின் பாலைக் கறந்து குடித்திருப்பான். கவயம் போல் இல்லையே என்று தொழுவத்தில் நின்று ஏங்கியிருந்தால், அந்த ஏக்கம் உபமானத்தின் பயனாகாது. பிரமாணத்தின் பயன் அறிவு. அறிவு பிறந்ததும் அதன் வேலை முடிகிறது. (இதை எழுதுகிறவனுக்கும் அந்தக் குறை உண்டு. ஒரு சொல்லுக்கு இரண்டு மொழிபெயர்ப்புகளை ஒப்பிட்டு ஒன்றை எழுதிவிட்டால், அச்சான பிறகும் எழுதாத சொல்லே நினைவில் நிற்கும்.)

‘விவேகம் என்பதே ஒப்பீடுதானே? நித்தியம் எது, அநித்தியம் எது என்று பிரித்தறியும்படி சாஸ்திரம் சொல்கிறதே?’ என்று ஒருவர் கேட்கலாம். உண்மை. இல்லறத்தார் பணத்தை அலட்சியமாகச் செலவிடுவதை வைராக்கியம் என்று நான் கருதவில்லை. மூன்று முறை கடைக்குச் சென்றதிலும் தவறில்லை. கடன் வாங்காமல் நின்றது தர்மம். பிசகு வேறிடத்தில் நேர்ந்தது. தந்தை கடைக்குப் போகும்போதே ஓர் அளவுகோலைக் கொண்டு போனார்: நாற்காலியிலிருந்து பார்த்தால் முகம் தெரிய வேண்டும். மகன் அளவுகோலைக் கடையிலேயே எடுத்துக்கொண்டார். இரண்டாவது பெட்டிதான் அது. அதைக் கொண்டு அளந்தால் முதற்பெட்டி எந்நாளும் குறைவுடையதாகவே இருக்கும். இரண்டாவதை வாங்கியிருந்தாலும், அடுத்த ஆண்டு மூன்றாவது வந்திருக்கும்.

இப்படி அளந்துகொண்டே போகும் பட்டியல் ஒன்று உபநிஷதத்திலேயே இருக்கிறது. தைத்திரீய உபநிஷதத்தின் பிரம்மானந்த வல்லியில் ஆனந்தம் அளக்கப்படுகிறது. இளமை, கல்வி, உடல் வலிமை, செல்வம் நிறைந்த பூமி முழுவதும் என அனைத்தும் பெற்ற ஒருவனின் இன்பம் ஓர் அளவு. அதைப்போல் நூறு மடங்கு மனுஷ்ய கந்தர்வரின் இன்பம். அதைப்போல் நூறு மடங்கு தேவ கந்தர்வரின் இன்பம். இவ்வாறு பிரம்மா வரை பத்துப் படிகள். எந்தக் கடைக்காரரும் இவ்வளவு பெரிய பட்டியலைக் காட்ட மாட்டார்! ஆனால் ஒவ்வொரு படியிலும், ஆசையால் தாக்கப்படாத சுரோத்ரியனுக்கும் அதே இன்பம் உண்டு என்று உபநிஷதம் சேர்த்துக்கொண்டே போகிறது. முதற்படியாகிய மனித இன்பத்தில் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. ஏன்? ஆதிசங்கரர் இதைக் கவனித்து விளக்குகிறார்: மனித போகங்களில் ஆசையற்றவனுக்கு மனிதனைவிட நூறு மடங்கு, அதாவது மனுஷ்ய கந்தர்வருக்குச் சமமான இன்பம் உண்டு என்பதைக் காட்டவே அந்த இடத்தில் விடப்பட்டது.

அன்பரின் கேள்விக்கு இங்கே ஒரு விடை இருப்பதாக எனக்குப் பட்டது. உபநிஷதம் ‘ஆசையற்றவன்’ என்று மட்டும் சொல்லவில்லை. ‘சுரோத்ரியன்’, கற்றறிந்தவன் என்றும் சொல்கிறது. அறியாமையால் வரும் நிறைவை அது புகழவில்லை. குறையை அறிந்த கண் கெட்ட கண் என்றும் சொல்லவில்லை. கல்வி எல்லாப் படிகளிலும் சமம். ஆசையின்மை மிகுவதற்கேற்ப இன்பம் மிகுகிறது என்கிறார் சங்கரர். ஆகவே அன்பர் தம் தொழிற்கண்ணைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. இதை அவரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, ஏற்றுக்கொண்டதாகவும் தெரியவில்லை. “அப்பாவுக்கு நான் காட்டியிருக்க வேண்டாம்தானே?” என்று மட்டும் மறுபடியும் கேட்டார். காட்டியதில் பொய் இல்லை. ஆனால் அந்த இரவில் தம் ஏக்கத்துக்கு அவர் ஒரு துணை தேடினார் என்றே நினைக்கிறேன். அதை அவரே உணர்ந்திருந்ததால் நான் எதுவும் சொல்லவில்லை.

மாலையில் பெரியவர் கோயில் ஆரத்தி ஒளிபரப்பைப் பார்க்க வந்து நாற்காலியில் அமர்ந்தார். அருகில் எனக்கும் ஓர் இருக்கை போட்டார்கள். “மூலையில் வெளிச்சம் தெரிகிறதாமே, ஐயா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“தெரியுது சாமி. அவன் காட்டினதுக்கப்புறம் நல்லாவே தெரியுது.”

“தொந்தரவாக இல்லையா?”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஆரத்தி நடுவுலதானே நடக்குது?” என்றார்.

தீபம் ஏற்றினார்கள். பெரியவர் கைகூப்பிக்கொண்டார். அந்தக் கால் மணி நேரத்தில் நான் மூன்று நான்கு முறையாவது அந்த இடப்பக்க மூலையைப் பார்த்திருப்பேன்.