பார்ட்னர் யோசித்தால்...

கண்டனூரில் ஒரு சாந்திக் கல்யாணம். பந்தி முடிந்து, வெள்ளைப் பணியாரமும் காபியும் உள்ளே போன தெம்பில் பட்டாலையில் ஜமுக்காளம் விரித்துச் சீட்டுக்கட்டைப் பிரித்தார்கள். ரம்மிதான் என்று பார்த்தால், பிரிட்ஜ்! ஆடத் தெரிந்த ரிட்டயர்டு பேங்க் ஆபீஸர்கள் மூன்று பேர். நாலாவது ஆளாக என்னை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். (காலேஜில் பி.காம். பாடத்தைவிட இதைத்தான் நான் ஒழுங்காகப் படித்தேன்.)

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு கட்சி. ஆளுக்கு 13 சீட்டு. இத்தனை பிடி பிடிக்கிறேன், துருப்பு இது என்று முதலில் ஏலம் கேட்கணும். ஏலம் எடுத்தவரின் பார்ட்னர் தன் சீட்டையெல்லாம் மல்லாத்தி வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். அவருக்கு டம்மி என்று பெயர். பல ஆபீஸ்களில் இந்தப் பதவி உண்டு!

ஏலத்தில் பேச அனுமதி மொத்தம் 15 வார்த்தைகள். ஒன்று முதல் ஏழு வரை, ஸ்பேடு, ஹார்ட், டைமண்ட், கிளப், நோ டிரம்ப், பாஸ், டபுள், ரீடபுள். அவ்வளவுதான். இருமல், பெருமூச்சு, புருவத் தூக்கல் எதுவும் கூடாது. 1965-ல் ப்யூனஸ் அயர்ஸில் நடந்த உலகப் போட்டியில், சீட்டைப் பிடித்த விரல்களின் எண்ணிக்கையால் ஹார்ட் எத்தனை என்று ஜாடை காட்டியதாக ரீஸ், ஷாபிரோ என்ற பிரிட்டிஷ் ஜோடி மேல் புகார். உலக அமைப்பு குற்றவாளி என்றது. பிறகு பிரிட்டனில் நடந்த விசாரணை இல்லை என்றது.

வேண்டுமென்றே ஜாடை காட்டுவது தப்பு. அதில் யோசிக்க என்ன இருக்கிறது? காட்டாமலே தெரிந்துவிட்டால்?

அன்று அதுதான் நடந்தது. எதிராளிகள் இரண்டு ஸ்பேடு கேட்டிருந்தார்கள். என் பார்ட்னர் சீட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், அரை நிமிஷம் கழித்து ‘பாஸ்’ என்றார். நானும் பாஸ் சொன்னால் ஏலம் முடிந்தது. என் சீட்டு சுமார்தான். ஆனால், மனுஷர் இவ்வளவு யோசித்தாரே, கையில் ஏதோ இருக்கு! ‘மூன்று ஹார்ட்’ என்றேன். ஒன்பது பிடியும் வந்தது.

எதிரே இருந்த பெரியவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: “தம்பி, உங்க சீட்டைப் பார்த்துக் கேட்டீங்களா, இவர் யோசிச்சதைப் பார்த்துக் கேட்டீங்களா?”

“என் சீட்டைப் பார்த்துத்தான்” என்றேன்.

“இருக்கலாம். உங்களுக்கே நிச்சயமாத் தெரியாது. அதனாலதான் ரூல் போட்டு வச்சிருக்கான்.”

சத்தியமாக எனக்கே தெரியவில்லை. பிரிட்ஜ் விதியும் என் மனசுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. பார்ட்னர் யோசிப்பது குற்றமில்லை. ஆனால், உங்கள் முன் நியாயமான இரண்டு வழி இருந்தால், அவர் தயக்கம் காட்டிக்கொடுத்த வழியில் நீங்கள் போகக்கூடாது. அவர் தயங்காவிட்டாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று வாதாடினாலும் எடுபடாது. பார்த்துவிட்டீர்கள் இல்லையா, அந்த வழி உங்களுக்கு இல்லை! கொடுமை என்றுதான் முதலில் தோன்றும். யோசித்தால், ‘நீ திருடனா?’ என்று கேட்காமலே நியாயம் வழங்குகிற வழி இது ஒன்றுதான்.

ஷேர் மார்க்கெட் சட்டத்துக்கும் இதுதான் அடிப்படை. 2008 செப்டம்பர் 23-ல் கோல்ட்மேன் சாக்ஸ் போர்டு கூட்டம் போனில் நடந்தது. வாரன் பஃபெட் 500 கோடி டாலர் போடுகிறார் என்பது செய்தி. டைரக்டர் ரஜத் குப்தா போனை வைத்த சில விநாடிகளில் ராஜரத்தினத்துக்கு போன் போட்டார். மார்க்கெட் மூடுவதற்குள் ஷேர் வாங்கப்பட்டது. 2012-ல் குப்தா குற்றவாளி என்று தீர்ப்பு. (அந்த பஃபெட் பிரிட்ஜ் பைத்தியம் என்பது வேடிக்கை.)

குப்தாவுக்கு வாய் இருந்தது, பேசினார். என் கதை வேறு.

கண்டனூரிலிருந்து திரும்பிய மறு வாரம், ஒரு கம்பெனியின் நிதி அதிகாரியைப் பேட்டி எடுத்தேன். “இந்த வருஷம் டிவிடெண்ட் உண்டா?” மனிதர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். “போர்டுதான் முடிவு பண்ணணும்.”

ராத்திரி மச்சினன் போன் செய்தான். “அத்தான், இன்னிக்கு அங்கதானே போனீங்க? அந்த ஷேர் கொஞ்சம் வச்சிருக்கேன், பொண்ணு காலேஜ் ஃபீஸுக்குன்னு. வச்சுக்கலாமா, வித்துடலாமா?”

‘ஷேர் விஷயமெல்லாம் என்கிட்ட கேட்காதே.’ மற்ற நாளாக இருந்தால் பட்டென்று இதைத்தான் சொல்லியிருப்பேன். அன்றும் அதைத்தான் சொல்ல நினைத்தேன். பட்டென்று வரவில்லை. அந்தக் குழந்தையின் முகம் வந்தது.

“அத்தான்? லைன்ல இருக்கீங்களா?”

“ம்... ஷேர் விஷயமெல்லாம்...”

“சரி அத்தான், புரிஞ்சுது” என்று போனை வைத்துவிட்டான்.