நேற்று ஏன் வரவில்லை?



2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில், பெண்கள் கபடி இறுதியாட்டத்தில் ஈரானை வீழ்த்தி இந்தியா தங்கம் வென்றது. அணியின் துணைத் தலைவி கார்த்திகா, சென்னை கண்ணகி நகர்ப் பெண். ஊர் திரும்பியவர், தன்னைக் கண்ணகி நகர் கார்த்திகா என்றே அழைக்கும்படி கேட்டுக்கொண்டார்.

அந்தப் பெயரைச் சொல்வது அவ்வளவு சுலபமில்லை. கூவம், அடையாற்றுக் கரைகளில் இருந்த குடும்பங்களைக் குடிசை மாற்று வாரியம் 2000-ஆம் ஆண்டு முதல் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் அது. பிழைப்பு நகரத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. வீடு மட்டும் பழைய மாமல்லபுரம் சாலைக்குப் போனது. தொடக்கத்தில் கட்டிய வீடுகள் 200 சதுர அடிகூட இல்லை. பாட்டி படுத்திருக்க, அம்மா சமைக்க, தங்கை படிக்க, பதினேழு வயதுப் பையன் எங்கே போவான்? மாடிப்படியில் உட்காருவான். படியில் உட்கார்ந்தவனுக்கு ஊர் ஒரு பெயர் வைத்துவிடும். வேலை கேட்டுப் போகிற இடத்தில் "கண்ணகி நகரா?" என்று ஒரு இழுப்பு, அதற்குப் பயந்தே விண்ணப்பத்தில் துரைப்பாக்கம் என்று எழுதியவர்கள் உண்டு. பிறகு சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வந்தன. அழகுதான், குறை சொல்லவில்லை. ஆனால் படியில் இருந்த பையன் அதே படியில்தான் இருந்தான்.

படியைவிட்டு எழுந்து போக ஓர் இடம் வேண்டும். பெண்கள் கபடிக்கு 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம் போதும். கோடு போடக் கொஞ்சம் சுண்ணாம்பு, தினமும் விசிலோடு வந்து நிற்க ஒரு பெரியவர். ஏறி வருகிறவளை மடக்க, பக்கத்தில் நிற்பவள் கையைப் பிடித்தாக வேண்டும். அவள் வராவிட்டால் அந்தக் கை காலி. அன்றைய பயிற்சியே படுத்துவிடும். அதனால் மறுநாள் கேள்வி வரும்: "நேத்து ஏன்டி வரல?"

வீட்டில் மார்க் கேட்கிறார்கள். தெருவில் போலீஸ் விலாசம் கேட்கிறது. இந்தக் கேள்வியை மட்டும் கேட்க ஆளில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்: காய்ச்சல், அம்மாவுக்கு இரவு வேலை, அப்பா குடித்துவிட்டு வந்து ரகளை. பள்ளிக்கு எட்டாத சங்கதி பயிற்சியாளருக்கு எட்டிவிடும். இளைஞர் நலன் என்று நாம் கூட்டம் போட்டுப் பேசுவதில் பாதி இந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். அதிலும் பெண் பிள்ளை சாயங்காலம் ஆறு மணிக்கு வெளியே போக ஒரு காரணம் காட்ட வேண்டும் அல்லவா? மைதானம் அந்தக் காரணத்தையும் தருகிறது. பதக்கம் வந்துவிட்டால் எதிர்வீட்டு வாயும் அடங்கும்!

அதே பஹ்ரைன் போட்டியில் தங்கம் வென்ற ஆண்கள் கபடி அணியில் இருந்த அபினேஷ், திருவாரூர் மாவட்டம் வடுவூர்க்காரர். கார்த்திகா, அபினேஷ் இருவருக்கும் தமிழக அரசு தலா 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. வடுவூர் கபடிக்குப் பேர்போன ஊர். அங்கே ஊர்ப் பெயரே பிள்ளைக்கு ஒரு பலம். கண்ணகி நகரிலோ, பிள்ளைதான் ஊர்ப் பெயரை மீட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. பதினேழு, பதினெட்டு வயதின் தலையில் அவ்வளவு சுமை வைப்பது நியாயமில்லை.

உங்கள் ஊர் அரசுப் பள்ளி மைதானம் சாயங்காலம் என்ன ஆகிறது? பெரும்பாலும் பூட்டுத்தான். தலைமையாசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. திறந்துவிட்டால் காலையில் பாட்டில் பொறுக்க வேண்டியவர் அவர். பொறுப்பான ஆள் ஒருவர் சாவியைக் கேட்டால் தலைமையாசிரியர் மறுக்க மாட்டார். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தானே அதிகம்? அடுத்த கூட்டத்தில் ஏழு மணி வரை கேட்டைத் திறந்து வைக்கவும், இரண்டு விளக்கு போடவும் கேளுங்கள். ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியரோ, முன்னாள் ராணுவத்தினரோ இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அந்தச் சாவியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள் ஐயா.