வக்கீல் நோட்டீசுக்கு மௌனம் பதிலாகுமா?

கடையைப் புதுப்பித்த கண்டிராக்டர், பாக்கி 40,000 வெள்ளி கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கூரை ஒழுகுகிறது, சரிசெய்ய 10,000 வெள்ளி பிடிக்கும். முதலாளிக்கோ கோபம். "கோர்ட்டுக்கு வரட்டும், பார்த்துக்கொள்வோம்" என்று நோட்டீசைக் கல்லாப்பெட்டியில் போட்டுப் பூட்டுகிறார்.

வியாபாரச் சகோதரர்களே! இது சாமர்த்தியந்தானா?

எழுத்து மூலமான கட்டுமான ஒப்பந்தங்களுக்கென மலேசியாவில் 2012ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றுண்டு. அதன்கீழ் கோரிக்கை வந்தால் 10 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். மறுக்கும் தொகையையும் காரணத்தையும் எழுத வேண்டும். பதிலே தராவிட்டால், கோரிக்கை முழுவதையும் மறுத்ததாகச் சட்டம் கொள்ளும்.

ஆக, 10,000 வெள்ளியில் மட்டுமே தகராறுள்ளவர், வாய் திறவாமலே மீதி 30,000 வெள்ளியையும் இல்லையென்று சொன்னவராகிறார். அதுவோ பிறருடைய ஹக்கு. கொத்தனாரின் கூலியும் அதில் கலந்திருக்கிறது. வசதியுள்ளவர் கடனை இழுத்தடிப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் அநியாயத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

கண்டிராக்டர்கள் எல்லாரும் அவுலியாக்கள் என்று நான் சொல்லவில்லை. ஒழுகும் கூரைக்குப் பணம் பிடிப்பது நியாயமே. "ஒப்புக்கொண்டால் கேஸ் பலவீனமாகும்" என்று வக்கீல் எச்சரிக்கலாம். பதிலை எப்படி எழுதுவதென்று அவரைக் கேட்கத்தான் வேண்டும். எவ்வளவு கடன் என்பதை நம் கணக்குப் புத்தகமே சொல்லும்.

முதலாளி இன்றே கிராணியை அழைத்து 30,000 வெள்ளிக்குச் செக் எழுதச் சொல்லட்டும். ஒழுகலைப் படமெடுத்து, மீதிக்கு மட்டும் ஆட்சேபம் அனுப்பட்டும்.