கையால் தடுப்போம்

தீமையைக் கண்டால் கையால் தடுக்க வேண்டும், இயலாவிடில் நாவால். உள்ளத்தால் மட்டும் வெறுப்பது ஈமானின் பலவீனமான நிலை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். நாமோ பரிதாபப்படுவதோடு நின்றுவிடுகிறோம்.

நம் கே.ஜி.கண்டிகை அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்தில், முன்பணத்துக்காகச் செங்கல் சூளையில் கட்டுண்டு கிடந்த ஒடிசாத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கானோர் 2011-இல் மீட்கப்பட்டனர். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அத்தகைய கடன் செல்லவே செல்லாது. அடிமைத்தளையை அறுப்பதைக் கடினமான மலையேற்றம் என்கிறது திருமறை (90:11-13).

வீடோ பள்ளிவாசலோ கட்டச் செங்கல் வாங்குமுன், சூளையில் கூலி ஒழுங்காகக் கிடைக்கிறதா, தொழிலாளி விரும்பினால் ஊர் திரும்பலாமா என விசாரிப்போம். சந்தேகமிருந்தால் திருத்தணி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுப்போம். மீண்டவர்களுக்கு ஸதகாவால் கைகொடுப்போம். அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.