கொடாததைக் கொள்ளுதல்

மருத்துவ ஆராய்ச்சி பற்றி நம் இல்லங்களில் பேச்சு எழும்போதெல்லாம் கொல்லாமை ஒன்றையே அளவுகோலாகக் கொள்கிறோம். அது முதல் விரதம். முதலிடம் அதற்கு உரியதே. ஆயினும், நோயாளியின் உடலையும் குருதியையும் கொண்டு அறிவு தேடும் செயலை மூன்றாம் விரதமாகிய கள்ளாமையை வைத்தும் ஆராய வேண்டும் என்பது என் கருத்து. உரியவர் கொடாததைக் கொள்வதெல்லாம் களவு என்றே நம் ஆகமம் வகுத்துள்ளது. ஒருவருக்குத் தம் உடலினும் உரிய பொருள் வேறு யாது? (உடல் வேறு, உயிர் வேறு என்னும் நம் கொள்கை இதற்கு மாறாகாது. தவத்திற்கும் தானத்திற்கும் கருவியாக அவ்வுடலைப் பெற்றவர் அவரே.)

கல்லீரல் புற்றுநோய் ஆராய்ச்சி இதற்குத் தக்க சான்று. ஹெபடைடிஸ் பி என்னும் கல்லீரல் அழற்சி வைரஸை நெடுங்காலம் சுமப்போருக்கே அப்புற்று வருகிறதா என்று தைவான் தீவில் ஆராய்ந்தவர் அமெரிக்க மருத்துவர் பால்மர் பீஸ்லி. 1975 முதல் 1978 வரை 22,707 ஆண்கள், அரசு ஊழியர் பெரும்பாலார், குருதி கொடுத்து அவ்வாய்வில் சேர்ந்தனர். அவர்களுள் 3,454 பேர் வைரஸைச் சுமந்தவர். 1981இல் முடிவு வெளிவந்தபோது புற்றுக்கு ஆளானோர் 41 பேர். அவருள் 40 பேர் வைரஸைச் சுமந்தவர்.

தாம் கொடுத்த குருதியால் அந்நாற்பதின்மர் பெற்றது யாது? ஒன்றுமில்லை. வைரஸ் குடியேறிவிட்ட உடலுக்குத் தடுப்பூசி பயன்படாது. அதனை அடக்கும் இன்றைய மாத்திரைகள் அன்று இல்லை. பயன் முழுதும் பிறர் பிள்ளைகளுக்கே போயிற்று. தைவான் அரசு 1984இல் வைரஸ் சுமக்கும் தாய்மாரின் சிசுக்களுக்கும், 1986இல் எல்லாச் சிசுக்களுக்கும் தடுப்பூசி இடத் தொடங்கியது. 6 முதல் 14 வயது வரையுள்ள சிறாரில், ஆண்டுக்கு இலட்சத்திற்கு 0.70 என்றிருந்த கல்லீரல் புற்று, 1990–94இல் 0.36 ஆகக் குறைந்தது. ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானத்துள் இதனை ஔடத தானம் என்பார் உளர். நான் அபய தானம் என்பேன். அன்று பிறவாத குழந்தைக்கு அச்சம் நீக்கிய கொடை அது.

இதே கல்லீரல் அழற்சியை ஆராய, நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவிலிருந்த வில்லோபுரூக் அரசுப் பள்ளியில் நிகழ்ந்தது வேறு. 1956 முதல் பல ஆண்டுகள், மருத்துவர் சால் குரூக்மன் குழுவினர் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு வேண்டுமென்றே அந்நோயைத் தந்தனர். நெருக்கடி மிகுந்த அவ்விடத்தில் எப்படியும் அது தொற்றியே தீரும் என்பது அவர்கள் வாதம். பயன் விளையாமல் இல்லை. அழற்சி இருவகைப்படும் என்பது அங்கே தெளிவாயிற்று. தடுப்பூசிக்கு முன்னோடியான சோதனையும் அங்கே நடந்தது. பெற்றோர் கையெழுத்தும் இருந்தது. ஆனால் 1964இல் இடமின்மையால் பொதுச் சேர்க்கை நின்றபோது, ஆய்வுப் பிரிவில் மட்டும் இடம் கிடைத்தது. வேறு போக்கற்ற தாய் இட்ட கையெழுத்துக் கொடையாகுமா? கொள்வோர் கையிலேயே கதவின் சாவியும் இருந்தது.

கையெழுத்தின் தன்மையை ஆசிரியர் அறிவர். பள்ளி மருத்துவ முகாமுக்கு ஒப்புதல் தாள் கொடுத்தனுப்பினால், "டீச்சர் சொன்னால் சரி" என்று படியாமலே ஒப்பமிடுவோர் மிகுதி. அந்த நம்பிக்கை இனியது. அதனையே இசைவென்று கோப்பில் வைத்தல் தகாது.

பீஸ்லியின் பணியிலும் நெருடும் இடம் ஒன்றுண்டு. வைரஸ் சுமக்கும் தாய்மாரின் சிசுக்களை எதிர்ப்புப் புரத ஊசி காக்குமா என்று அறிய, ஒரு சாரார்க்கு அதனையும் மற்றொரு சாரார்க்கு மருந்தில்லா வெற்றூசியையும் இட்டனர். வெற்றூசி பெற்ற சிசுக்களுள் மிகப் பலர் வைரஸைச் சுமப்போராயினர். வில்லோபுரூக்கில் நோயைத் தந்தவர் ஆய்வாளர். இங்கு அது தாயின் குருதிவழி வந்தது, மருந்து காக்கும் என்பதும் அன்று உறுதியாகவில்லை. இவ்வேறுபாடு பெரிது. ஆயினும் சிசுவின் சார்பில் கொடுக்கத் தாய்க்கு எவ்வளவு உரிமை? தன் குருதியைக் கொடுக்க முழு உரிமை உண்டு. பிள்ளையின் உடலை ஆய்வுக்குக் கொடுப்பதோ, அப்பிள்ளைக்கே நன்மை கிட்டலாம் என்னும் நம்பிக்கை உள்ள அளவுக்கே தகும் என்பேன்.

இசைவு சொல்லவே இயலாதாரும் உளர். இத்தடுப்பூசி மனிதருக்கு வருமுன் சிம்பன்சிக் குரங்குகளில் சோதிக்கப்பட்டது. மனமுடைய ஐம்பொறி உயிர்கள் அவை. முதல் விரதமும் மூன்றாம் விரதமும் ஒருங்கே அங்கு மீறப்பட்டன. 2011-12 அளவில் நாடு முழுவதும் அரசுத் திட்டத்தில் பரவிய அவ்வூசி நம் பேரக்குழந்தைகளுக்கும் இடப்படுகிறது. இடவேண்டாம் என்று நான் சொல்லேன். மறுத்தால் துன்புறுவது குழந்தை. தைவான் ஊழியர் கொடுத்தார்கள், பெற்றுக்கொண்டோம். அக்குரங்குகள் எதையும் கொடுக்கவில்லை. வரும் சாதுர்மாஸ்யத்தில் முனிவர்களிடம் இவ்வினாவை வைக்க எண்ணியுள்ளேன். வாசகர்களும் தத்தம் கருத்தை ஆசிரியருக்கு எழுதலாம்.